தண்ணீர் குடிக்காத துணி

துணியைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற திமிர் எனக்கு உண்டு. இன்றைக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பல்லடம் பக்கத்தில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் ஏழு வருஷமாக வேலை பார்ப்பவள் நான். பனியன் துணி சாயமேறி வந்ததும் அது துவைத்தால் சுருங்குமா, வெயிலில் வெளுக்குமா, வியர்வையை இழுக்குமா என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. நான் ஆகாது என்று எழுதிவிட்டால் அந்தத் துணி மொத்தமும் மறுபடி மெஷினுக்குப் போகும். அதனால் மெஷினில் நிற்கும் ஆட்கள் என்னைக் கண்டாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அது எனக்குப் பிடிக்கும் என்பதை மறைக்கப் போவதில்லை.

பாப்பா பிறந்து ஐந்தாவது மாதம் தொடையிடுக்கில் தோல் சிவந்து, பிறகு உரிய ஆரம்பித்தது. கடையில் வாங்கும் டயபரை இரவில் மட்டும்தான் போட்டுக்கொண்டிருந்தோம். அதுவே அவள் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, கொஞ்ச நாளைக்கு அதை நிறுத்துங்கள், பருத்தித் துணி கட்டுங்கள், நனைந்தால் உடனே மாற்றுங்கள் என்றார். பகலில் பிரச்சினை இல்லை. கண் எதிரே கிடக்கிற குழந்தை, நனைந்தால் மாற்றப்போகிறோம். இரவில் அப்படியா? ஒற்றைத் துணியை முக்கோணமாக மடித்துக் கட்டினால் ஒரு தடவை போனதுமே துணி, விரிப்பு, சட்டை எல்லாம் நனைந்து, குளிரில் வீறிட்டு எழுவாள். ஒரு இரவில் ஐந்து தடவை, ஆறு தடவை. அவளைத் துடைத்து, மாற்றி, தட்டித் தூங்கவைத்து நான் கண்ணை மூடும்போது அடுத்த அழுகை.

இதில் எனக்கு ஒரு கெடு இருந்தது. ஆறு மாத லீவு முடிய இன்னும் மூன்று வாரம்தான். எங்கள் மேனேஜர் இரண்டு தடவை போன் செய்து, எப்போது வருகிறீர்கள், உங்கள் இடத்தில் தற்காலிகமாகத்தான் ஆள் போட்டிருக்கிறோம் என்று சொல்லியிருந்தார். பகலில் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள, சூலூரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா தானாகவே முன்வந்தார். அவருடைய பிள்ளைகள் காலேஜுக்குப் போய்விட்டதால் வீடு வெறிச்சென்று இருக்கிறதாம். எல்லாம் கூடிவந்தது, தூக்கத்தைத் தவிர. தூக்கமில்லாதவள் லேபில் நின்றால் ஆசிடையும் சோடாவையும் மாற்றி ஊற்றிவிடுவாள். அதனால் ஒரு நாள் வீட்டுக்காரரிடம் சொன்னேன், இவள் ராத்திரி ஒழுங்காகத் தூங்க ஆரம்பிக்காவிட்டால் நான் வேலையை விட்டுவிடுவேன் என்று.

அவர் கோயமுத்தூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். அளந்து பேசுகிற மனுஷன். நான் அப்படிச் சொன்னதும் என்னைப் பார்க்காமலே, "உன்ற இஷ்டம் அம்மிணி" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. போகாதே என்றாலும் சண்டை போடலாம், போ என்றாலும் சந்தோஷப்படலாம். உன் இஷ்டம் என்றால் என்ன செய்வது? பாப்பாவுக்குப் பேர் வைத்த அன்றே அவர் பக்கத்துச் சொந்தங்கள், பச்சைக் குழந்தையை விட்டுவிட்டு அப்படியென்ன வேலை என்று ஆரம்பித்திருந்தார்கள். அப்போதும் இவர் வாயைத் திறக்கவில்லை. ஆக, நான் வீட்டோடு இருப்பதுதான் இவருக்கும் ஆசை, சொல்லத்தான் தைரியமில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன். முடிவு கட்டிய பிறகு அவர் செய்வதெல்லாம் அதற்கு ஏற்றாற்போலவே தெரிந்தது.

சரி, துணியை வைத்தே இதைத் தீர்க்கிறேன் பார் என்று இறங்கினேன். இரவுக்கென்றே தைத்து விற்கும் துணி டயபர்கள் இருப்பது எனக்குத் தெரியும். காலேஜ் விட்டு வந்த அக்காவின் மகள் போனில் நாலைந்து வீடியோ எடுத்துக் காட்டினாள். எந்தத் துணி, எத்தனை அடுக்கு என்று ஒரு அம்மா விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். துணிக்காரியான எனக்கே பாடமா என்று பாதியிலேயே மூடிவிட்டேன். எங்கள் கம்பெனியில் சாம்பிள் பார்த்துக் கழித்த நல்ல பருத்தித் துண்டுகள் ஒரு மூட்டை வீட்டில் இருந்தது. ஏற்றுமதிக்குப் போகிற ரகம். அதில் தடவித் தடவிப் பார்த்து, இருப்பதிலேயே வழவழப்பானதாக எடுத்தேன். கன்னத்தில் வைத்தால் வெண்ணெய்தான். புண்பட்ட தோலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆறு அடுக்கு வைத்து, அக்காவின் மெஷினில் ஓரம் அடித்து, இடுப்பில் கட்ட எட்டு மெத்தைத்துணி தைத்து முடித்தேன். அக்கா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து, கடையில்கூட இப்படிக் கிடைக்காது கண்ணு என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று இரவு கட்டிப் படுக்கவைத்தேன். ஒரு மணி நேரத்தில் அலறல். தொட்டுப் பார்த்தால் முதுகு வரை ஈரம், விரிப்பு தொப்பல். ஆறு அடுக்குத் துணி மட்டும் நடுவில் ஒரு கை அகலத்துக்கு லேசாக நனைந்து, மற்றபடி காய்ந்தே இருந்தது. ஒற்றைத் துணியே தேவலை போல. கட்டியது இளகிவிட்டது என்று நினைத்து அடுத்த நாள் இறுக்கிக் கட்டினேன். தொடையில் தடம் விழுந்ததுதான் மிச்சம். அதற்கும் அடுத்த நாள் இரண்டு மெத்தைத்துணியை ஒன்றாகச் சேர்த்துப் பன்னிரண்டு அடுக்காக வைத்தேன். பாப்பாவால் காலைச் சேர்க்கவே முடியவில்லை, தவளை மாதிரி விரித்துக்கொண்டு கிடந்தாள். அப்போதும் வெள்ளம்தான்.

ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் ஊரில் ஆளையே தள்ளும். துவைத்துப் போட்ட துணி அரைமணியில் காய்ந்துவிடும், கிளிப் போடாவிட்டால் பறந்தும் விடும். ஒரு நாள் என் மெத்தைத்துணி ஒன்று பறந்துபோய் அக்கா வீட்டுத் தகரக்கூரையில் உட்கார்ந்துகொண்டது. குச்சியால் தள்ளித் தள்ளி எடுக்கும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. சீக்கிரம் காய்கிறதே என்று அந்தத் துணியை மெச்சிக்கொள்ளவும் செய்தேன். நனைந்தால்தானே காய நேரமெடுக்கும் என்று என் மரமண்டைக்கு ஏறவில்லை.

தூக்கம் கெட்டவளுக்குக் கோபத்தைக் கொட்ட ஆள் வேண்டும். ஒரு ராத்திரி அவர்தான் துணி மாற்றினார். மறுபடி நனைந்ததும் நான் எழுந்து, நட்டும் போல்ட்டும் முறுக்குகிற கையால் கட்டினால் இப்படித்தான் ஆகும் என்று சொல்லிவிட்டேன். அவர் தரையைத் துடைத்துவிட்டு, பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றார். அந்த வார்த்தையை நினைத்தால் எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.

லீவு முடிய ஒரு வாரம் இருக்கையில், ஒரு சனிக்கிழமை காலை, அவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் போனைக் கையில் எடுத்தேன். மேனேஜருக்கு வரவில்லை என்று சொல்லிவிடப் போகிறேன், இனி யாரும் என்னைப் பற்றிப் பேச வேண்டியிருக்காது என்றேன். அவர் கை பட்டுச் சொம்பு கவிழ்ந்தது. தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. பக்கத்தில் காய்ந்து குவிந்திருந்த என் மெத்தைத்துணியில் ஒன்றை எடுத்து அதன் மேல் போட்டார். தண்ணீர் துணிக்குள் போகாமல் துணிக்கு முன்னால் ஓடியது. அவர் துடைக்கத் துடைக்க அது வழி விட்டு நகர்ந்துகொண்டே இருந்தது.

"இது தண்ணியே குடிக்க மாட்டேங்குது அம்மிணி. பட்டறையில மெஷின் தொடைக்க வர்ற வேஸ்ட்டுத் துணியில இப்பிடி வழுவழுன்னு ஒண்ணு வரும். அதை நாங்க தொடவே மாட்டோம்" என்றார்.

நான் துணியைப் பிடுங்கிப் பார்த்தேன். மேலே தண்ணீர் சிறு சிறு உருண்டையாக நின்றது. ஒரு கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது.

கடைசியாகத் துணிக்கு மென்மை வருவதற்காக எங்கள் பட்டறையில் சிலிக்கான் சாப்ட்னர் என்று ஒன்று ஏற்றுவார்கள். அது இழையைச் சுற்றி மெழுகு பூசியதுபோல் ஒட்டிக்கொள்ளும். கைக்கு வெண்ணெயாக இருக்கும், அளவு கூடினால் தண்ணீரை அண்டவிடாது. அதைக் கண்டுபிடிப்பதற்காகவே லேபில் ஒரு சோதனை உண்டு. துணியை வளையத்தில் இழுத்து மாட்டி, மேலிருந்து ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, உள்ளே இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ண வேண்டும். ஏழு வருஷமாக நான் தினமும் செய்த வேலை அது. யாரோ முகம் தெரியாதவர்கள் போடும் பனியனுக்கெல்லாம் சொட்டு விட்டுப் பார்த்தவள், பெற்ற பிள்ளைக்குத் துணி எடுக்கும்போது கன்னத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். போதாததற்கு, சாம்பிள் பார்த்துக் கழித்த துணி. என் கையாலேயே கழித்ததாகவும் இருக்கலாம்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, அந்த ராத்திரி அவரிடம் பேசியது ஞாபகம் வந்தது. தப்பு உங்கள் கையில் இல்லை, என் துணியில் என்று சொன்னேன். அவர் இட்லியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

கையில் எடுத்த போனைச் சும்மா வைக்கவில்லை. மேனேஜரைக் கூப்பிட்டேன். சோடா போட்டு வேகவைத்து வெளுத்த துணி, சாப்ட்னர் ஏற்றுவதற்கு முன்னால் எடுத்தது, நாலு மீட்டர் வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார். மென்று முழுங்கி விஷயத்தைச் சொன்னேன். அந்த மனுஷன் போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தார். இதை மெஷின் ஆட்களிடம் சொன்னால் கிடா வெட்டிக் கொண்டாடுவார்கள் என்றார். சொல்லிக்கொள்ளுங்கள் சார், துணி மட்டும் வந்தால் போதும் என்றேன். அன்று மாலையே எங்கள் ஊர் வழியாகப் போகும் கம்பெனி வேனில் டிரைவர் கொண்டுவந்து கொடுத்தார்.

பார்க்க அழகில்லாத துணி. தொட்டால் சொரசொரப்பு. இந்தத் தடவை வெட்டுவதற்கு முன்னால் அடுப்படியில் ஸ்பூனில் ஒரு சொட்டு எடுத்து விட்டேன். விழுந்த இடம் தெரியாமல் உள்ளே போனது. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அதையே நாலைந்து தடவை செய்து பார்த்தேன், அவளுக்கும் வேடிக்கையாக இருந்தது. வெந்நீரில் இரண்டு அலசு அலசி, ஆறு அடுக்காகத் தைத்தேன்.

ஒரே ராத்திரியில் எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் பொய். முதல் நாள் மூன்று தடவை எழுந்தாள். அடுத்த நாள் இரண்டு. புதன்கிழமை ஒரே ஒரு தடவைதான், அதுவும் பசிக்கு. நான் விடிகாலையில் பதறி எழுந்து தொட்டுப் பார்த்தபோது மெத்தைத்துணி கனத்துக் கிடந்தது, விரிப்பு காய்ந்திருந்தது, பாப்பா வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். வார முடிவில் தொடையில் இருந்த சிவப்பும் மங்கிவிட்டது. நான் வேலைக்குப் போகலாம்.

ஆனால் மனசு அடங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் பாப்பாவின் துணிகளை அக்கா வீட்டுக்கென்று ஒரு பையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் பீரோவிலிருந்து என் லேப் கோட்டை எடுத்து, தேய்த்துக்கொண்டிருந்தார். இனியும் அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன், நான் வேலைக்குப் போவது உங்களுக்குப் பிடிக்கவில்லை, அப்படித்தானே என்று.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ போகலீன்னு சொன்னப்பதான் பதறிப்போயிச் சொம்பையே தட்டி உட்டேன். நீ வேலையிலிருந்து வந்தீன்னா, அவன் இப்பிடிச் சொன்னான், இந்தத் துணி இப்பிடி ஆச்சுன்னு சோறு ஆறுற வரைக்கும் பேசுவே. ஆறு மாசமா ஊடு பேச்சு மூச்சில்லாமக் கெடக்குது. உன்ற மொகத்துலயும் களையே இல்லை" என்றார்.

அதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். என் குரல் எனக்கே சண்டைக்குப் போகிற மாதிரிதான் கேட்டது.

"போன்னு சொன்னா, சம்பளத்துக்காகக் கைக்கொளந்தைக்காரியத் தொரத்தறான்னு நீ நெனைச்சுப்போடுவீன்னு பயந்துட்டேன்" என்றார்.

ஆறு மாதமாக அவர் மனசில் என்ன இருக்கிறது என்று நான் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தது அத்தனையும் தப்பு. பாப்பா தூங்கிக்கொண்டிருந்ததால் சத்தம் வராமல் அழுதேன். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் கோட்டின் காலரை இரண்டாம் தடவையாகத் தேய்த்தார்.

மறுநாள் வேலைக்குப் போனேன். மெஷின் ஆட்கள் நன்றாகவே கேலி செய்தார்கள், பதிலுக்கு நானும் விடவில்லை. சாயங்காலம் வேனை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தபோது அவர் சீக்கிரமே வந்து பாப்பாவுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நிலைப்படியில் நின்றபடியே அன்றைக்கு நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் மூச்சு வாங்க நிறுத்தினேன்.

"ம், அப்புறம்?" என்றார்.