கறுப்பிக்குப் பிடிக்காத சிவப்புத் தொப்பி

மழையே இல்லாத சாயங்காலத்தில், பீச் ரோட்டில் நாய்க்குக் குடை பிடித்துக்கொண்டு போன கிழவனைப் போன மாதம் பார்த்தீர்களா? நான்தான்.

என்ன செய்ய? எங்கள் கறுப்பிக்கு இந்த ஊர்ப் போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பி கண்ணில் படக்கூடாது. பட்டால் பாய்வாள். மற்றபடி யாரையும் ஒன்றும் செய்யமாட்டாள்... பிரெஞ்சுக்காரன் காலத்தில், தெருவில் கோலி ஆடும்போது அந்தத் தொப்பி தெரிந்தால் நாங்களும் தலைதெறிக்க ஓடியவர்கள்தான். நாங்கள் ஓடினோம். இவள் பாய்கிறாள். அவ்வளவுதான் வித்தியாசம்!

அன்றைக்குக் கடல்காற்றில் குடை மடங்கிக்கொண்டது. எதிரே தொப்பி. நான் கயிற்றை இழுப்பதற்குள் கான்ஸ்டபிளின் பேன்ட் நுனி கிழிந்துவிட்டது. நல்லவேளை, பல் படவில்லை.

"பெரியவரே, இன்னொரு தடவ பாஞ்சிச்சின்னா முனிசிபாலிட்டி வண்டிய வரச் சொல்லிடுவேன். அப்பறம் வந்து அழுவக்கூடாது!"

வீட்டில் மருமகள் அதற்கு மேல். "பேசாம தேங்காய்த்திட்டு ஹார்பர்ல வுட்டுட்டு வாங்க மாமா. மீன் தின்னுட்டுக் கெடக்கும்."

"அப்ப நானும் அங்கியே போயிடறேம்மா. எனக்கும் மீன் புடிக்கும்."



அவள் பாய்வதே பயத்தில்தான். கட்டிப்போட்டால் மட்டும் தொப்பிப் பயம் போய்விடுமா? நெல்லித்தோப்பில் ரிட்டயர்டு போலீஸ்காரர் ஒருவர், என் சிநேகிதர். அவருடைய பழைய தொப்பியைக் கேட்டு வாங்கிவந்தேன். முதலில் அது தூரத்து நாற்காலியில் இருந்தது. கறுப்பி உறுமாமல் இருந்தால் ஒரு நெத்திலிக் கருவாடு. பிறகு நாற்காலி கிட்டே வந்தது. கடைசியில் தொப்பி என் தலைக்கே வந்தது. தெருவே சிரித்தது. சிரிக்கட்டுமே!

போன ஞாயிறு, குடை இல்லாமல் கிளம்பினேன். அதே கான்ஸ்டபிள். நான் கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கறுப்பி விறைத்து நின்றாள்... அப்புறம் வாலை ஆட்டிக்கொண்டே போய் அவர் எதிரில் உட்கார்ந்து, முன்னங்காலைத் தூக்கி நீட்டினாள்.

"இன்னாய்யா வோணுமாம் இதுக்கு?"

"கருவாடு சார். தொப்பி போட்டவங்க குடுப்பாங்கன்னு நெனச்சிக்குது."

"ட்யூட்டில கருவாட்டுக்கு எங்கய்யா போவேன்? இதுக்குப் பாஞ்சதே தேவலாம்!"

சுற்றி நின்றவர்கள் சிரிக்க, அவரும் சிரித்துவிட்டார். "சரி, கூட்டினு போ. கயித்த மட்டும் வுட்றாத."

கயிற்றையும் விடமாட்டேன். கறுப்பியையும் விடமாட்டேன்.