யூஜினாவின் மட்டக்கம்பு

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் யூஜினா கொழுந்தெடுக்க வந்த நாளிலிருந்து, பெரட்டில் அவளுக்காகப் பதில் சொன்னவள் கூடக் கொழுந்தெடுத்த அழகம்மாதான். விடிந்ததும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடுவார்கள். கணக்கப்பிள்ளை பெயர் வாசிப்பார். "யூஜினா" என்றதும், "வந்திருக்காங்கய்யா" என்று பக்கத்திலிருந்து அழகம்மா குரல் கொடுப்பாள். பதில் வந்தால்தான் அன்றைக்கு வேலை.

யூஜினா ஊமையல்ல. பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது அவள் வாய்க்கு முன்னால் எவளாலும் நிற்க முடியாது. ஆனால் கூட்டம் திரும்பிப் பார்க்க ஒரு சொல் சொல்லவேண்டுமென்றால் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், தொண்டை அடைத்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்ல எழுப்பியபோது இது பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் பெற்ற பிறகும் விடவில்லை. தொண்டையில்தான் கோளாறு என்று உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள். தொண்டை நோய்க்குக் காவலரான பிளாசியார் திருநாளில் சாமியார் இரண்டு மெழுகுதிரிகளைக் கழுத்தில் வைத்து ஆசீர்வதிக்கும்போது வருடந்தோறும் முதல் ஆளாக நின்றாள்.

வேலையிலிருந்து நின்ற அழகம்மா, மகளோடு இருக்கப் பூண்டுலோயாவுக்குக் கிளம்பினாள். "ஒரு வார்த்தைடி. கொட்டாவி விடுற மாதிரி வாயத் தொறந்தா வந்துரும்," என்றாள் போகும்போது.

வரவில்லை. மறுநாள் கஜேந்திரன் கணக்கப்பிள்ளை இரண்டு தரம் கூப்பிட்டார். யூஜினா அவர் கண்ணெதிரே கூடையோடு நின்றாள்.

"ஏம்மா, வாயில கொழுக்கட்டையா? இன்னைக்கு வீட்டுக்குப் போங்க. நாளைக்கு வாயையும் கூட்டிக்கிட்டு வாங்க."

களமே சிரித்தது.

யூஜினா நேரே தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனாள். நர்ஸ் ஐவி மிஸ்ஸி டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"தொண்டை நல்லாத்தான் இருக்கு. இது பயம், யூஜினா. இதுவும் ஒரு நோய்தான். பாக்காம விட்டா வருசக்கணக்கா கூடவே வரும். நுவரெலியா கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தாறேன்."

"எனக்கு மட்டுந்தான் இப்பிடின்னு நெனச்சேன் மிஸ்ஸி."

"வாறவங்க எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

கிளினிக் நாளுக்கு முன்பே அடுத்த பெரட்டு வந்துவிட்டது. "யூஜினா!" வாயைத் திறந்தாள்; வரவில்லை. இன்றைக்கும் திரும்பிப் போனால் நாளைக்கு வரவே மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். செடிமேல் மட்டம் பார்த்துக் கொழுந்தெடுக்க வைத்திருந்த மட்டக்கம்பைத் தலைக்கு மேலே தூக்கினாள்.

"என்னம்மா, அடிக்க வாறீங்களா?"

மறுபடி சிரிப்பு. கம்பு இறங்கவில்லை. கஜேந்திரன் கம்பை நிமிர்ந்து பார்த்தார். "சரி, கம்பு வந்திருக்கு," என்று குறித்துக்கொண்டார். "ஷாமிலா!"

புதிதாகக் கல்யாணமாகி வந்த ஷாமிலா, பெயர் கூப்பிட்டால் தினமும் பூனைக்குட்டி போல முனகுகிறவள். இன்று முனகவில்லை. அவள் கம்பு மேலே போனது.

"நல்லாருக்கு! வீரய்யா!"

கவ்வாத்துக் கத்தியால் செடி வெட்டும் வீரய்யாவுக்கு முறுக்கு மீசை. அவர் பதில் எப்போதும் ஒரு இருமல்தான். திமிர் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். இன்று பின்வரிசையில் அவர் கை மெல்ல உயர்ந்தது.

"அண்ணே, நீங்க கத்தியத் தூக்காதீங்கண்ணே!" என்றார் கஜேந்திரன்.

முதலில் வெடித்துச் சிரித்தவள் யூஜினா. களம் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. சிரிப்பை அடக்க அவளால் முடியவில்லை.

கிளினிக் நாளன்று அவள் நுவரெலியா பஸ்ஸில் தனியாக ஏறவில்லை. பக்கத்தில் ஷாமிலா இருந்தாள். பின் சீட்டில், பல்வலிக்கு மருந்தெடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு, வீரய்யா.