48211: உரிமையாளர் இல்லை

ரவ்தாவுக்கு யாருடைய பிறந்தநாளும் நினைவில் நிற்காது. போர்ட் எண்கள் மட்டும் நாக்கு நுனியில் இருக்கும். வலைப்பக்கத்துக்கு 443, மின்னஞ்சல் அனுப்ப 25, தூரத்திலிருந்து கணினிக்குள் நுழைய 22. வெளியுலகம் கணினிக்குள் வரும் கதவுகள் அவை. எந்தக் கதவு எந்தச் சேவைக்கு என்று கண்டுபிடித்து எழுதி வைப்பதுதான் ஸ்ஃபாக்ஸ் நகரத்து ஆலிவ் எண்ணெய் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக அவள் பார்த்த வேலை.

எதிர்மேசையில் ஸுஹைர். வேலையில் கெட்டிக்காரர், எழுதி வைப்பதில் மகா சோம்பேறி. நினைத்தபோது ஒரு கதவைத் திறந்துகொள்வார், எதற்கென்று எங்கும் குறிக்கமாட்டார். யாருடையது என்று தெரியாத போர்ட் அகப்பட்டால் இருவருக்கும் ஒரே வழிதான்: மூடிவிட்டுக் காத்திருப்பது. கிடங்கிலிருந்தோ விற்பனைப் பிரிவிலிருந்தோ பத்து நிமிடத்தில் ஒருவர் சத்தம் போட்டுக்கொண்டு படியேறி வருவார்.

"வலிச்சா கத்துவான். கத்தலைன்னா யாருக்கும் வலிக்கலைன்னு அர்த்தம்" என்பார் ஸுஹைர், வாய் நிறைய ரொட்டியும் ஹரிஸ்ஸா மிளகாய் விழுதுமாக.

பெருநாள் முடிந்த பத்தாம் நாள் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், எழுந்திருக்கவில்லை. ரவ்தா வீட்டில் அழுதாள், அலுவலகத்தில் அவர் மேசையைத் துடைத்து வைத்தாள். மறுமாதமே தலைநகரிலிருந்து பாதுகாப்புத் தணிக்கை வருகிறதென்று கடிதம் வந்தது. திறந்திருக்கும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் நேரே என்ன சேவை, யார் பொறுப்பு என்று எழுதியிருக்க வேண்டுமாம். செத்தவரிடம் போய்க் கேட்கட்டும் என்று முணுமுணுத்தபடி உட்கார்ந்தாள்.

முப்பத்தேழு கதவுகளில் முப்பத்தாறுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. மிஞ்சியது 48211. பொதுப் பட்டியல்களில் அந்த எண்ணுக்கு எந்தச் சேவையும் இல்லை. ஸுஹைரின் மேசைக்கடியில் கிடந்த பழைய கணினிக்கு அது போனது. அதில் அவர் எழுதிய, பெயர்கூட வைக்காத சின்ன நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் விட்ட ஏதோ விளையாட்டு என்று நினைத்தாள். பிரிவு பிரிவாகக் கேட்டாள். எங்களுடையது இல்லை என்றார்கள். திங்கட்கிழமை காலை மூடினாள்.

யாரும் படியேறி வரவில்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டு, "உரிமையாளர் இல்லை, மூடப்பட்டது" என்று பட்டியலில் எழுதினாள். நிம்மதியாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்.

மூன்றாம் வாரம் ஸுஹைரின் மனைவி மஹ்பூபா அவருடைய பொருள்களை எடுத்துப்போக வந்தாள். மூக்குக்கண்ணாடி, தொழுகை விரிப்பு, கோப்பை. எல்லாவற்றையும் பையில் போட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.

"தங்கச்சி, நிஸார் எழுதறதெல்லாம் எதுல வரும்?"

நிஸார் அவர்களுடைய ஒரே மகன். இரண்டு வருடத்துக்கு முன் யாரிடமும் சொல்லாமல் படகேறி இத்தாலிக்குப் போனவன். தங்குவதற்கு அனுமதி கிடைக்கும்வரை அம்மாவோடு பேசமாட்டானாம். குரலைக் கேட்டால் திரும்பி வந்துவிடுவானாம். அப்பாவுக்கு மட்டும் எழுதுவான். வெள்ளிக்கிழமைதோறும் ஸுஹைர் அந்தச் சேதியை அலுவலகத்திலிருந்து கொண்டுபோய் குஸ்குஸ் தட்டின் முன்னால் சொல்வார்.

"அவனுக்காக இங்கே ஏதோ கதவு தொறந்து வச்சிருக்கேன்னு சொல்வாரு. அப்பா போனது அவனுக்கு இன்னும் தெரியாது. நான்தானே சொல்லணும்."

ரவ்தாவுக்கு 48211 நினைவுக்கு வந்தது. பார்த்துச் சொல்கிறேன் லெல்லா என்று மூத்தவளுக்குரிய மரியாதையோடு அவளை அனுப்பிவிட்டு அறையைச் சாத்திக்கொண்டாள்.

பழைய கணினியில் ஸுஹைர் இறந்த பிறகு வந்தவை ஐந்து கடிதங்கள். அப்பா, ஏன் பதில் இல்லை. அப்பா, கோபமா. கடைசிக் கடிதம் அவள் மூடியதற்கு முந்தின நாள் வந்தது: "தோட்டத்துல வேலை முடிஞ்சுது. நாளைக்கு வேற ஊருக்கு லாரி ஏத்தறாங்க. போன உடனே புது நம்பர் எழுதறேன்பா."

மூடிய கதவைத் தட்டியவர்களின் பதிவும் இருந்தது. அதை யாரும் பார்ப்பதில்லை. திங்கள் மாலை பத்தொன்பது தடவை. செவ்வாய் முப்பது. புதன் பன்னிரண்டு. வெள்ளி ஒரே ஒரு தடவை. பிறகு ஒன்றுமில்லை. அவன் கத்தத்தான் செய்திருக்கிறான். இவள் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டல் வந்த முகவரியைத் தேடினாள். இத்தாலியின் ஒரு கைபேசிச் சேவை என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லவில்லை.

அன்றே கதவைத் திறந்தாள். நிஸார் மறுபடி வந்தால் படிக்கும்படி, அப்பாவின் மரணத்தையும் அம்மாவின் எண்ணையும் அதில் எழுதி வைத்தாள். தணிக்கைக்கு வந்தவன் அந்தக் கதவைப் பார்த்து முகம் சுளித்தான். பட்டியலில் சேவை என்ற இடத்தில் "கடிதம்" என்றும், பொறுப்பு என்ற இடத்தில் தன் பெயரையும் எழுதிக் கொடுத்தாள். யாரும் தட்டவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் மஹ்பூபா தொலைபேசியில் கேட்பாள். இன்னும் இல்லை லெல்லா என்று ரவ்தா நாலு வெள்ளி சொன்னாள். ஐந்தாம் வெள்ளி அந்தத் தாய், "எங்களை மறந்துட்டான் போலிருக்கு" என்றாள்.

அதற்கு மேல் ரவ்தாவால் தாங்க முடியவில்லை.

"அவன் மறக்கலை லெல்லா. நான்தான் கதவை மூடிட்டேன். யாரோடதுன்னு தெரியாம மூடிட்டேன்."

மஹ்பூபா ஒன்றுதான் கேட்டாள்.

"எத்தனை தடவை தட்டினான்?"

"அறுபத்திரண்டு."

இணைப்பு அறுந்தது. அடுத்த வெள்ளி மஹ்பூபா தானே வந்தாள். ரவ்தாவின் ஸலாமுக்குப் பதில் சொல்லாமல் ஸுஹைரின் நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்தப் பழைய கணினிக்கு எதிரே மதியம்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். இன்றும் வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறாள்.