ஆர்.வி. குழாயும் இரண்டு நிபுணர்களும்

இர்விங் நகரில், சமையலறையும் குளியலறையும் உள்ள ஆர்.வி. என்னும் வீட்டு வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு இரண்டு குடும்பங்களாகக் கிளம்பினோம். ஏரிக்கரை முகாமில் வண்டியை நிறுத்தியதும், அரிசி கழுவுவதற்காகச் சமையலறைக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் ஒரு நேரம் பீய்ச்சியடித்தது, ஒரு நேரம் சொட்டியது.

என் கணவரும் அவருடைய நண்பரும் மென்பொருள் துறையில் பெரிய பதவியில் இருப்பவர்கள். அதனால் குழாயைத் தொடாமல் லேப்டாப்பைத் திறந்தார்கள்.

"பம்ப்லதான் இஷ்யூ," என்றார் கணவர்.

சோபாவுக்கு அடியிலிருந்த பம்பைக் கழற்றி, தரைவிரிப்பை நனைத்து, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப மாட்டினார்கள். குழாயில் தண்ணீர் வந்த விதம் மாறவில்லை.

நான் பாத்ரூம் குழாயைத் திறந்து பார்த்தேன். அதில் தண்ணீர் சீராக வந்தது.

"பம்ப் நல்லாதாங்க இருக்கு. கிச்சன் குழாய்லதான் அடைப்பு."

"கொஞ்சம் டிஸ்டர்ப் பண்ணாம இரேன். அனலைஸ் பண்ணிட்டிருக்கோம்ல."

குழாய் நுனியில் இருந்த சல்லடையைத் திருகி எடுத்தேன். அதில் வெள்ளை வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. பழைய பல் துலக்கியால் தேய்த்து மாட்டியதும் தண்ணீர் ஒழுங்காக விழுந்தது.

சாப்பிடும்போது கணவர் யாரிடமோ போனில், "சின்ன பிளம்பிங் இஷ்யூ, நாங்களே ஃபிக்ஸ் பண்ணிட்டோம்," என்றார்.

அத்தனை பாத்திரங்களையும் அந்த நிபுணர்களிடமே கழுவக் கொடுத்துவிட்டு ஏரியைப் பார்க்கப் போனேன்.