நான் சொல்லாமல் விட்ட கணவர்

ஓய்வு பெறும்வரை கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தினேன். அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ஒருவருடைய வாழ்க்கையை வருடந்தோறும் மாணவர்களுக்குச் சொல்வேன். சோளம் விளையும் சிற்றூரில் பிறந்தவர். பள்ளி ஆசிரியை, மூன்று பிள்ளைகளுக்குத் தாய். நாற்பது வயதுக்கு மேல்தான் முதல் கதை அச்சானது. சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அதிலேயே உட்கார்ந்து எழுதினார். பதிப்பாளர்கள் நாவல் கேட்டபோது, வீட்டு வேலை மிச்சம் வைக்கிற நேரத்துக்குச் சிறுகதைதான் அடங்கும் என்று மறுத்துவிட்டார். முதுமையில் பெரிய பரிசு கிடைத்தது. அந்த இடம் வரும்போது என் குரல் தழுதழுக்கும்.

என் மனைவியும் கல்யாணமான புதிதில் கதை எழுதினாள். ஒன்றிரண்டு வாரப் பத்திரிகையில் வந்தன. நண்பர்கள் முன்னால் "அடுப்படிக் கதை" என்று சிரித்தேன். அவள் நிறுத்திவிட்டாள். நான் நிறுத்தச் சொல்லவில்லையே என்று வெகுகாலம் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போன தை மாதம் நூலக வாசகர் வட்டத்தில் அந்த எழுத்தாளரைப் பற்றிப் பேசினேன். மனைவி முதல்முறையாக என் பேச்சைக் கேட்க வந்திருந்தாள். திரும்பும்போது ஆட்டோவில் கேட்டாள்.

"அந்தம்மா எழுதிக்கினு இருந்தப்போ புள்ளைங்கள யாருங்க பார்த்துக்கினாங்க?"

"அவங்க வீட்டுக்காரர்தான். ஆணி, பூட்டு விக்கிற கடை வெச்சிருந்தாரு. சனிக்கிழமை மதியமே கடையைச் சாத்திட்டு புள்ளைங்கள ஏரிக்குக் கூட்டிக்கினு போயிடுவாரு."

"அதை நீங்க சொல்லவே இல்லியே."

வகுப்பிலும் ஒருநாளும் சொன்னதில்லை.

மாசியில் அவள் ஒரு கதை தொடங்கினாள். அது பாதியில் இருக்கும்போதே பங்குனித் திருவிழா நெருங்கியது. கொடி இறங்கும்வரை உறவினர் எல்லோரும் எங்கள் வீட்டில் தங்குவதுதான் வழக்கம். சமையல் அவள் தலையில். இந்தக் கதையும் நின்றுபோனால் இனி எழுதவே மாட்டாள் என்று பயந்தேன். அக்காவுக்கு போன் செய்து, இந்த வருடம் வர வேண்டாம் என்றேன்.

"ஏன்டா, உன் பொண்டாட்டிக்கு உடம்பு கிடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான் இருக்கறா. கதை எழுதிக்கினு இருக்கறா."

"நான் வந்து பேனாவைப் புடுங்கிடுவனா?"

"நீ வந்தா அவ அடுப்படிக்கு எழுந்து வந்துடுவா."

"அப்போ நீ சமைடா. நான் குந்திக்கினு குறை சொல்றேன்."

சொன்னபடியே குடும்பத்தோடு வந்து சேர்ந்தாள். குறையும் சொன்னாள். நான் சுட்ட இட்லியை யார் மண்டையிலாவது போட்டால் போலீஸ் வரும் என்றாள். சாமி புறப்பாட்டுக்கு எல்லோரும் ராஜ வீதிக்குப் போனார்கள். நான் பாத்திரம் கழுவினேன். கிளம்பும்போது, மனைவி எழுதிக்கொண்டிருந்த உள்ளறைக் கதவைத் தட்டி அவளையும் கூப்பிடப் போன பெண்களை அக்கா அதட்டித் திருப்பினாள். அதற்காக அவளை என்றும் மறக்க மாட்டேன்.

திருவிழா முடிவதற்குள் கதை முடிந்தது. செல்போனிலேயே பத்திரிகைக்கு அனுப்பினாள். எனக்குப் படிக்கத் தருவாயா என்று கேட்டேன்.

"அச்சுல வந்தா காசு குடுத்து வாங்கிப் படிங்க."

அந்தப் பதில் எனக்குத் தகும். அவள் மறுபடி எழுத உட்கார்ந்ததே நான் எதிர்பார்க்க உரிமையில்லாத தயவு. இப்போது அடுத்த கதை நடக்கிறது. மதியச் சமையல் என்னுடையது. உப்புதான் இன்னும் பிடிபடவில்லை.