பின்விளக்கு வழக்கு

மசெதோனியோவுக்குப் பிள்ளைகள் இரண்டுதான். மூத்தவள் எலொய்சா, இளையவன் அபெனீசியோ. வாய்க்கால் மேஸ்திரி கிளோவிஸுக்கு மகன் வயிற்றுப் பேத்தியும் பேரனும் இவர்கள். அந்தக் கிளோவிஸ் ஒரு மடைத் தண்ணீருக்காகக் கூடப்பிறந்த தம்பியோடு பேச்சை நிறுத்தி, பேசாமலே செத்துப் போனவர். அவர் பிணத்துக்கு மண் அள்ளிப் போடும்போதுகூடத் தம்பி வாய் திறக்கவில்லை. அந்த வீட்டுக்காரர்களுக்குச் சண்டை என்பது தாய்ப்பாலோடு வருவது.

மசெதோனியோ சாகிறபோது நிலத்தைச் சரிபாதியாகப் பிரித்தார். மண்வீட்டுக்கு நடுவே ஒரு சுவர் எழுப்பி அதையும் பிரித்தார். பிரிக்க முடியாமல் நின்றது கார் ஒன்றுதான். அறுபத்து மூன்றாம் வருஷத்து இம்பாலா. தரையோடு தரையாகத் தாழ்த்தி, சக்கரத்துக்கெல்லாம் குரோமியம் பூட்டி, எஸ்பனோலா ஊர்க் கடைத்தெருவில் ஆமை வேகத்தில் அவர் ஓட்டிப் போனால் கல்யாண ஊர்வலம் கூட வழிவிட்டு நிற்கும்.

“சந்தியாகப்பர் திருநாளுக்குத் திருநாள் கார் கை மாறணும்,” என்று படுக்கையில் கிடந்தபடி சொன்னார். “ஒரு வருஷம் அவ, ஒரு வருஷம் இவன். வச்சிருக்கிறவங்க திருநாளன்னிக்கு ஊர்வலத்துல ஓட்டிட்டு வந்து கோயில் வாசல்ல சாவியைக் கொடுக்கணும். ஓட்டிட்டு வர வக்கில்லாதவங்களுக்கு அதுக்கப்புறம் கார்ல பங்கு கிடையாது.”

இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அப்பாவை அடக்கம் பண்ணிய கையோடு அபெனீசியோ ‘அக்கா’ என்று கூப்பிடுவதையும் அடக்கம் பண்ணிவிட்டான்.

எலொய்சா பள்ளிக்கூடத்து மஞ்சள் பஸ் ஓட்டுகிறவள். புருஷன் கொலராடோவுக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே ஒருத்தியைப் பார்த்துக்கொண்டான். மகள் ஒருத்தியை வளர்த்துக் கட்டிக் கொடுத்தாள். பனியிலும் சேற்றிலும் மலைப்பாதையில் ஊரார் பிள்ளைகளை ஏற்றி இறக்கியே காலம் போயிற்று. மஞ்சள் பஸ்ஸில் போகிறவளை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? பின்னால் வருகிறவன் ஹாரன்தான் அடிப்பான். அப்பா காரில் உட்கார்ந்தால்தான் மசெதோனியோ மகள் போகிறாள் என்று ஆள் கை தூக்கும். அந்த ஒன்றுக்காகத்தான் அவள் ஒரு வருஷம் காத்திருந்து மறு வருஷம் அதை வாங்குவாள்.

போன திருநாள் வரைக்கும் முறை அபெனீசியோவுடையது. அவன் பெயிண்டர். அப்பாவின் வான நீலத்தை மறைத்து, மிட்டாய்ச் சிவப்பில் பத்துக்கு மேலே கோட் அடித்து, அதற்கு மேலே கண்ணாடி மாதிரி வார்னிஷ் ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்தினான். ஊரே வாயைப் பிளந்தது. எலொய்சா மட்டும், “அப்பா முகத்துல லிப்ஸ்டிக் பூசினாப்பல இருக்கு,” என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு நாள் பொழுது சாய்கிற நேரம். பாலத்தருகே அவள் பிரேக் போட, பின்னால் வைக்கோல் ஏற்றி வந்த லாரிக்காரன் வாய்க்கால் கரையில் ஏறிப்போய் நின்றான். இறங்கி வந்து வாயில் வந்தபடி பேசினான். “பின்னாடி விளக்கா அது? ரெண்டு சுருட்டைப் பத்த வச்சு ஒட்டியிருக்கியா?” அவன் போன பிறகு அவள் காருக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். பழைய பல்பு, பழைய காலத்து மங்கல், அவ்வளவுதான் என்று நினைத்தாள். பழைய பல்புகளைக் கழற்றி எல்.இ.டி. போட்டாள்.

சனியன் அன்றைக்குத்தான் ஏறியது. இண்டிகேட்டர் போட்டால் மினுக்காமல் விளக்கு ஒரே நிலையாக எரிந்தது. பிரேக்கை மிதித்தால் இடது பின்விளக்கு அணைந்தே கிடக்க, டாஷ்போர்டு விளக்கும் முன்பக்கத்துச் சிறு விளக்கும் மின்மினி மாதிரி முழித்தன. மிதித்தது பின்னால், எரிந்தது முன்னால். குளிர்காலம் முழுக்கக் காரைத் தார்ப்பாய்க்குள் போட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்ட பிறகு ஃபியூஸ், சுவிட்சு, ஒயர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. திருநாளுக்கு முந்தின நாளும் வந்துவிட்டது.

அன்று காலை முற்றத்தில் காரைத் தள்ளி நிறுத்தி, டிக்கியைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்தாள். நடுச்சுவர் வீட்டோடு நின்றுவிட்டதால் முற்றத்தில் தடுப்பில்லை. அபெனீசியோ காபிக் கோப்பையோடு வந்து அவன் பக்கத்துப் படியில் உட்கார்ந்தான். அவன் பெண்டாட்டி செல்சா மிளகாய் சுடும் வாணலியைக் கையில் வைத்துக்கொண்டே வந்தாள்.

“என்ன பல் டாக்டரே, டிக்கி வாய்க்குள்ள தலையை விட்டும் இன்னும் கரண்டு வரலியா?” என்றான் அவன்.

“உன் வாய்க்கு ஒரு ஃபியூஸ் இருந்தா பிடுங்கிப் போட்டிருப்பேன்.”

“அப்பா போட்ட பல்பு அப்பா சாகிற வரைக்கும் எரிஞ்சுது. நீ போட்டது நீ இருக்கும்போதே போயிடுச்சு.”

“அண்ணி, பேசாம விட்டுடுங்களேன்,” என்றாள் செல்சா. “இந்த வெயில்ல எதுக்குக் கஷ்டம்? நாளைக்கு உங்களுக்கு எங்க டிரக்ல பின்னாடி ஒரு நாற்காலி போட்டுடறோம். ஆசையா கையாட்டிட்டு வாங்க.”

“உன் டிரக்ல நாற்காலியா? அதுல ஏற்கெனவே உன் புருஷன்னு ஒரு சாமான் கிடக்குதே. அதை முதல்ல இறக்கு.”

செல்சா வாணலியை ஓங்கி வைத்த சத்தத்தில் கோழிகள் பறந்தன.

எலொய்சா டிக்கியை விட்டு டாஷ்போர்டுக்கு அடியில் போய் மல்லாந்து படுத்தாள். இண்டிகேட்டரை மினுக்க வைக்கிற டப்பா அங்கே இருக்கிறது. உள்ளே ஒரு தகடு. பல்பு இழுக்கிற கரண்டில் அது சூடேறி வளைந்தால்தான் டிக் டிக் என்று மினுக்கும். எல்.இ.டி. குடிக்கிற கரண்டு எறும்பு குடிக்கிற தண்ணீர். தகடு எங்கே சூடேறும்? அதைப் பிடுங்கி, எலக்ட்ரானிக் டப்பா ஒன்றை மாட்டி, அதன் கறுப்பு ஒயரை வெற்று இரும்பில் முடுக்கினாள். வலது பக்கம் அழகாக மினுக்கியது. இடது பக்கம் முன்னால் மினுக்கியது. பின்னால் செத்துக் கிடந்தது.

“பாதி பொணம் எழுந்துடுச்சு,” என்றான் அபெனீசியோ.

அந்த நேரத்துக்கு டிராங்குலினோ வந்து சேர்ந்தார். மசெதோனியோவின் அக்கா மகன். எலொய்சா மகளுக்கும் ஞானத்தகப்பன், அபெனீசியோ மகனுக்கும் ஞானத்தகப்பன். இரண்டு வீட்டிலும் சாப்பிட்டு இரண்டு வீட்டிலும் திட்டு வாங்குகிறவர். ஊர்வலத்தில் போகிற வண்டிகளுக்கு பிரேக்கும் விளக்கும் பார்த்து அனுப்புவது அவர் பொறுப்பு. கூட்டத்துக்கு நடுவே போகிற வண்டி, பிரேக் விளக்கு இரண்டும் எரியாமல் விடமாட்டார்.

“எரியுதாம்மா?”

“ஒண்ணு எரியுது.”

“ஒண்ணு போதாதே.”

“போதாதுன்னு தெரியும். அதை எழுதிக் கையில வாங்கவா உன்னைக் கூப்பிட்டேன்?”

அபெனீசியோ எழுந்து வந்தான். “மச்சான், நியாயமா சொல்லுங்க. கண்டதை மாட்டி அப்பா ஒயரை எல்லாம் எரிச்சு வச்சிருக்கா. நாளைக்கு வண்டி வராது. அப்பா சொன்ன வாக்குப்படி இனிமே கார் என்னுது.”

“நாளைக்குத்தானே திருநாள்? இன்னிக்கே ஏன் எச்சில் ஊறுது?” என்றாள் எலொய்சா. ஆனால் அவளுக்குத் தெரியும்: இவன் கைக்குப் போனால் கார் ஒழிந்தது; அவன் பக்கத்துக் கொட்டகைக் கதவு தனக்குத் திறக்காது. பிறகு சாகிற வரைக்கும் மஞ்சள் பஸ்தான்.

மறுபடி டிக்கிக்குள் தலையை விட்டாள். இத்தனை நாளும் கரண்டு வருகிறதா என்றுதான் பார்த்திருக்கிறாள். பல்பு மாட்டுகிற ஹோல்டர் வரைக்கும் நன்றாகத்தான் வருகிறது. வந்த கரண்டு திரும்பிப் போகிறதா என்று பார்த்தாளா? பஸ்ஸில் ஒரு விளக்கு போனால் பணிமனையில் முதலில் எர்த்தைத்தான் தடவுவார்கள். விளக்குக்குள் போன கரண்டு வண்டி உடம்பு வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்பவேண்டும். வழி அடைத்தால் அது பக்கத்து ஒயரில் புகுந்து, போகக்கூடாத விளக்கிலெல்லாம் தலைகாட்டும்.

நீள ஒயர் ஒன்றை எடுத்து ஒரு முனையைப் பேட்டரியின் எர்த்தில் கவ்வ விட்டாள். மறு முனையை இடது பின்விளக்கின் ஹோல்டரில் கவ்வ விட்டாள்.

“மச்சான், உள்ள உட்கார்ந்து பிரேக்கை மிதி.”

டிராங்குலினோ மிதித்தார். இடது விளக்கு நெருப்பாக எரிந்தது. டாஷ்போர்டு முழிப்பது நின்றது. ஒயரைக் கழற்றினாள், அணைந்தது. மாட்டினாள், எரிந்தது.

விளக்கின் கூட்டைக் கழற்றிப் பார்த்தாள். கூடு உட்காருகிற இடம், திருகு ஏறுகிற ஓட்டை, எல்லாவற்றிலும் மிட்டாய்ச் சிவப்பு வழவழவென்று வார்னிஷோடு மினுமினுத்தது. இரும்பு இரும்பைத் தொட ஒரு ஊசிமுனை இடமில்லை. வலது பக்கம் மட்டும் ஒரு திருகு எப்படியோ தோலை லேசாகக் கீறிக்கொண்டு உள்ளே போயிருந்தது.

“பொட்டு இடம் விடாம அடிச்சிருக்கியே, பாவி,” என்றாள். “எர்த்து இடத்துல டேப் ஒட்டிட்டு அடிக்கணும்னு பெயிண்டருக்குத் தெரியாதா?”

“என் வேலையில ஓட்டை உடைசல் இருக்காது. கண்ணுக்குத் தெரியாத இடத்துலயும் அடிப்பேன். அதான் என் பேரு.”

அவள் அலமாரியிலிருந்து அப்பாவின் பழைய பல்பைத் தேடி எடுத்து அதே ஹோல்டரில் போட்டாள். ஒயர் இல்லாமல் மிதிக்கச் சொன்னாள், ஒன்றும் தெரியவில்லை. ஒயரைத் திருகின்மேல் லேசாகத் தொட்டும் தொடாமலும் பிடித்தாள். சுருட்டு நெருப்பு மாதிரி மங்கலாகக் கனன்றது. அழுத்திக் கவ்வ விட்டாள். பழைய பல்பு ரத்தச் சிவப்பாகப் பளிச்சென்று எரிந்தது.

அதைப் பார்த்து அவளுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “லாரிக்காரன் என்மேல ஏற வந்தானே. மங்கினது பல்பு இல்லடா. உன் பெயிண்டு. என்னைக் கொல்லப் பார்த்தது உன் பெயிண்டு!”

“அப்ப அப்பா பல்பு நல்லாத்தானே இருக்கு? எதுக்குக் கழட்டினே?” என்று அவனும் கத்தினான்.

“ரெண்டு பேர் கேள்வியும் நியாயம்,” என்றார் டிராங்குலினோ. “ரெண்டு பேரும் முட்டாளுங்க. அதுவும் நியாயம்.”

“நீ சும்மா இரு!” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அப்பா போன பிறகு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

எலொய்சா பல்பை மாற்றி எல்.இ.டி.யையே மறுபடி போட்டாள். இனி அதை எடுத்தால் தோற்ற மாதிரி. பிறகு பெட்டியிலிருந்து சுரண்டுகிற கத்தியை எடுத்தாள்.

அபெனீசியோவுக்கு நிறம் மாறிவிட்டது. “அதுல கத்தி வச்சே...”

“வச்சா?”

“ஒரு இடத்துல தோல் கிழிஞ்சா ஈரம் உள்ள போயி மொத்தமும் பொரிஞ்சு வரும். ஒரு வருஷ வேலை அது.”

டிராங்குலினோ மெதுவாகச் சொன்னார்: “ஹோல்டர்லேருந்து கறுப்பு ஒயர் ஒண்ணை அடியில இருக்கிற சேஸி இரும்புக்கு இழுத்து முடுக்கினா ஆச்சேம்மா. பெயிண்டைத் தொடவே வேணாம்.”

“தெரியும்,” என்றாள் எலொய்சா. “இழுக்கலாம். அவன் கேக்கட்டும். ‘அக்கா, ஒயர் இழு’ன்னு வாயைத் திறந்து கேக்கட்டும். இழுக்கிறேன்.”

செல்சா புருஷன் முதுகை விரலால் குத்தினாள். வார்த்தை பல் வரைக்கும் வந்ததை எலொய்சா பார்த்தாள். கிளோவிஸின் பேரன் அல்லவா? வாயை மூடிக்கொண்டான்.

அவள் கத்தியை வைத்தாள். சிவப்பு சுருள் சுருளாக வந்தது. அதற்கடியில் சாம்பல் நிறம். அதற்கும் அடியில் அப்பாவின் வான நீலம், விரல் நகம் அகலத்துக்கு. அவள் கை நின்றது. அபெனீசியோவும் குனிந்து பார்த்தான். இருவர் தலையும் ஒரே டிக்கிக்குள் ஒரு கணம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

“அதையும் சுரண்டப் போறியா?” என்றான்.

“இரும்பு அதுக்குக் கீழதானே இருக்கு,” என்று சொல்லிச் சுரண்டினாள்.

வெற்று இரும்பு தெரிந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி, கூட்டை முடுக்கினாள். வலது பக்கத்தையும் விட்டு வைக்கவில்லை. டிராங்குலினோ மிதித்தார், இரண்டும் எரிந்தன. அவர் முன்கண்ணாடியில் ஊர்வலச் சீட்டை ஒட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் திருப்பலி முடிந்து ஊர்வலம் கிளம்பியது. குதிரைமேல் சந்தியாகப்பர் சொரூபம் முன்னால் போக, கார்கள் பின்னால். சாவி வாங்கப் போகிறவன் வண்டி, கொடுக்கிறவள் வண்டிக்குப் பின்னால்தான் வரவேண்டும். உச்சி வெயிலில் பிரேக் விளக்கு யார் கண்ணுக்குத் தெரியும்? வாலோடு மூக்கு உரச வருகிறவனுக்கு மட்டும் தெரியும். எலொய்சா வளைவு கண்டால் மிதித்தாள், நாய் கண்டால் மிதித்தாள், ஒன்றுமே இல்லாத இடத்திலும் மிதித்தாள். ஒவ்வொரு தரமும் அபெனீசியோ ஹாரன் அடித்தான். செல்சா ஜன்னலில் தலையை நீட்டி, “அண்ணி, கண்ணு கூசுது!” என்று கத்தினாள். ஜனங்கள் அதைக் கொண்டாட்டம் என்று நினைத்துக் கை தட்டினார்கள். எலொய்சா ராணி மாதிரிக் கையாட்டிக்கொண்டே போனாள்.

கோயில் வாசலில் இறங்கிச் சாவியை நீட்டினாள். அவன் அவள் விரல் படாமல் வாங்கினான்.

“அந்த பல்பை நாளைக்கே கழட்டிடுவேன்.”

“கழட்டு. சுரண்டின இடத்துல திரும்பப் பெயிண்ட் அடிச்சேன்னு வை, அடுத்த முறை கதவையும் சேர்த்துச் சுரண்டுவேன். என் பங்கு இன்னும் இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ.”

அவன் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினான். அவள் நிற்கவில்லை. திருநாள் விருந்தில் பச்சை மிளகாய்க் குழம்புக்கு வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவன் காரை நிறுத்திவிட்டு வருவதற்குள் அவனுக்கு முன்னால் ஓர் இடம் பிடித்துவிட வேண்டுமென்று பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.