எங்கிட்டயே அணையட்டும்

சாதிகா என்ற பெயர் ஆதிலட்சுமியின் காதில் முதன்முதலாக விழுந்தது ஒரு வசவோடுதான். பக்கத்துப் பட்டறைத் தேவநாதன் வேலியோரம் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தார். "மெஷினு ரெடியாம், ஆனா தர மாட்டாளாம்! ஓடவிட்டுப் பாக்குறாளாம். என் கம்ப்யூட்டர நான் எப்ப எடுத்துட்டுப் போவணும்னு அந்த சாதிகா சொல்றா!" செட்டியார் பொம்மைக்கு மீசை தீட்டிக்கொண்டிருந்த ஆதிலட்சுமி தூரிகையைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். வேலை முடிந்தால் எடுத்துக்கொண்டு கிளம்பு என்று விரட்டுகிற ஆட்களைத்தான் அவள் கண்டிருக்கிறாள். முடிந்த பிறகும் தராமல் வைத்துக்கொள்கிறவளைப் பற்றி அன்றுதான் கேள்விப்பட்டாள்.

பெயர் காதில் விழுந்துவிட்டால் ஆதிலட்சுமிக்கு வேர் வரைக்கும் போயாக வேண்டும். ஜங்ஷன் ரோட்டில் கைக்கடிகாரம் பழுது பார்த்த முகம்மது இஸ்மாயிலின் மூத்த மருமகள் சாதிகா. பிறந்த ஊர் சேத்தியாத்தோப்பு. அம்மா மர்ஜானா, ஆற்றுப் பாலத்தண்டை பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பம். புருஷன் அல்தாப் குவைத்தில். மர்ஜானாவின் தங்கை கல்யாணத்துக்கு ஊறுகாய் ஜாடிகள் போனதே ஆதிலட்சுமியின் மாமனார் பட்டறையிலிருந்துதான். பிறகென்ன, பாதிச் சொந்தம் ஆகிவிட்டது.

சாதிகா வீட்டு முன்னறையில் நாற்காலிகளைவிடக் கம்ப்யூட்டர் பெட்டிகள் அதிகம். வருகிறவர்கள் பெட்டியை நகர்த்திவிட்டுத்தான் உட்கார வேண்டும். "எல்லா வூட்டுக்காரரும் லீவுல வந்தா சென்ட் பாட்டிலு கொண்டாருவாங்க. எங்க வூட்டுக்காரரு கரண்டு பாக்குற மீட்டரு கொண்டாந்தாரு. அதுலயே தெரிஞ்சுக்கிட்டேன், நல்ல மனுசன்னு," என்பாள். வேலையில் இறங்குமுன் கண்ணாடி வளையல்களைக் கழற்றி மானிட்டரின் மூலையில் மாட்டிவிடுவாள். வேலை முடிந்து வளையல் கைக்கு ஏறினால்தான் மெஷின் பிழைத்தது என்று அர்த்தம். அதுவரைக்கும் கேட்காதே.

புதுச் சாமான் ஏதாவது மாட்டிவிட்டால் போதும், அந்தப் பெட்டியைப் பாடாய்ப் படுத்திவிடுவாள். உள்ளே இருக்கிற மூளைக்கும் படம் போடுகிற கார்டுக்கும் ஒரே சமயத்தில் முழு வேலையும் கொடுத்து ஓடவிடுவாள். இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு கரண்டு குடிக்கும். அதைப் பிரித்துக் கொடுக்கிற டப்பாவுக்கு எஸ்.எம்.பி.எஸ். என்று பேர். அந்த டப்பா தாக்குப்பிடிக்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் நோக்கம். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி பெட்டியின் பின்பக்கத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். மோந்தும் பார்ப்பாள். அவசரப்படுகிறவர்களுக்கு ஒரே பதில்தான். "அணையறதா இருந்தா எங்கிட்டயே அணையட்டும். உங்க வூட்டுல போயி அணைய வேணாம்."

ஆதிலட்சுமிக்கே அவள் தேவைப்படுகிற நாளும் வந்தது. மகள் வளர்மதி பொம்மைகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து, அச்சு எடுக்கக் கொடுப்பவள். கொலுவுக்குத் தசாவதாரம் வரைந்துகொண்டிருந்தாள். வராகருக்குக் கொம்பு முளைக்கும்போதெல்லாம் மெஷின் பொட்டென்று அணைந்துவிடும். ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போய்ப் பூவராகரைக் கும்பிட்டு வந்தும் அணைந்தது. வளர்மதிக்கு வெறுத்துப்போயிற்று. "மெட்ராஸ் கம்பெனியில வேலைக்குக் கூப்புடறாங்கம்மா. புதுசா மாட்டிப் பாக்குறேன். அப்பவும் அணைஞ்சா நான் கெளம்பிடுவேன்," என்று சொல்லிவிட்டாள். இருக்கிறது ஒரே மகள். அன்றிலிருந்து ஆதிலட்சுமி தீட்டிய பொம்மைகளுக்கெல்லாம் முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது.

சாதிகா புதுக் கார்டும் பெரிய எஸ்.எம்.பி.எஸ்ஸும் மாட்டி, தன் வீட்டில் வாட்டி எடுத்துவிட்டு, பெட்டியை ஸ்கூட்டியின் முன்னால் நிற்கவைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"அங்கயே பாத்துட்டியே பாப்பா, இன்னும் என்ன?"

"என் வூட்டு கரண்டு வேற, உங்க வூட்டு கரண்டு வேறம்மா. இங்கயும் ஒரு தடவ ஓடட்டும். மோட்டாரப் போடுங்க, கிரைண்டரப் போடுங்க, எல்லாத்தையும் போடுங்க!"

வளையல் மானிட்டருக்கு ஏறியது. மோட்டார் உறுமியது, கிரைண்டர் சுற்றியது, பெட்டி ஆட்டம் கண்ட பஸ் மாதிரி இரைந்தது. "உத்துப் பாத்தா அதுக்கு வெக்கம் வந்துரும், வா," என்று வளர்மதியை இழுத்துக்கொண்டு, பொம்மைக்கு வைக்கோல் சுற்றுகிற கொட்டகைக்குப் போய்விட்டாள் சாதிகா.

ஆதிலட்சுமி மட்டும் அறையில் நின்றாள். பெட்டியின் பின்னாலிருந்து சூடான காற்று குபுகுபுவென்று வெளியே போய்க்கொண்டிருந்தது. மேலே இருந்த ஓட்டைகளிலும் அப்படியே. அவளுக்கு மனசு பதறியது. ஆயுசு முழுக்கச் சூளையோடு கிடந்தவள். நெருப்பு ஏறியிருக்கும்போது ஓட்டையைத் திறந்துவைத்தால் குளிர்காற்று புகுந்து மொத்தச் சாமானும் விரிசல் கண்டு விரிந்துவிடும். சூட்டை விடக்கூடாது, காற்றை விடக்கூடாது. மகள் ஊரில் தங்குவதும் தங்காததும் இந்தப் பெட்டியில் இருக்கும்போது சும்மா நிற்க முடியுமா? ஓடிப்போய்ச் சூளையடியிலிருந்து சாம்பல் படிந்த இரண்டு கல்லைக் கொண்டுவந்து பின்பக்கம் அடைத்தாள். மேலே கோணிச் சாக்கை நாலாய் மடித்துப் போர்த்தினாள். ஜன்னலையும் சாத்திவிட்டுத் தாயாய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பெட்டி கொஞ்ச நேரம் முனகியது. பிறகு பொட்டென்று அணைந்தது.

அவசர அவசரமாகச் சாக்கை உருவி, கல்லை நகர்த்திவிட்டுக் குரல் கொடுத்தாள். இருவரும் ஓடிவந்தார்கள். கறுத்துக் கிடந்த திரையைப் பார்த்ததும் வளர்மதி போனை எடுத்தாள். "சரி, மெட்ராஸுக்கு வரேன்னு சொல்லிடறேன்."

"இரு புள்ள," என்ற சாதிகா வழக்கம்போலப் பெட்டியின் முதுகைத் தொட்டாள். தொட்ட விரல்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெள்ளையாகத் தூள். "ஏம்மா, இதுக்குப் பவுடரா போட்டு வுட்டீங்க?"

ஆதிலட்சுமி முந்தானையைக் கையில் சுற்றினாள். "காத்து போச்சு பாப்பா… சூளையில இப்புடி அடைக்காம வுட்டா எல்லாம் விரிஞ்சுரும்… அதான் ரெண்டு கல்லு… மேல ஒரு சாக்கு…"

"சாக்கா?"

"நல்ல சாக்குதான். தொவைச்சது."

சாதிகாவுக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. நிற்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அல்லாவே! மூக்கப் பொத்திட்டு ஓடச் சொன்னா எந்தக் குதிர ஓடும்? சூடு தாங்காம அதுவே பொழைச்சுக்கிடணும்னு அணைஞ்சுக்கிச்சு வளரு. அம்மா கட்டுன சூளையிலயே உசுரோட இருக்குதுன்னா, இந்த எஸ்.எம்.பி.எஸ். எமகாதகன்!" வளர்மதி அம்மாவை முறைத்துப் பார்த்தாள். முறைப்பு பாதியிலேயே உடைந்து அவளும் சிரித்துவிட்டாள். போன் மேசைமேல் கவிழ்ந்தது.

ஜன்னல் திறந்து, பெட்டி ஆறியதும் மறுபடி ஓடவிட்டார்கள். மோட்டார், கிரைண்டரோடு இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்துப் போட்டாள் சாதிகா. இந்தத் தடவை ஆதிலட்சுமியையும் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். திரும்பி வந்தபோது பெட்டி அதே இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது. வராகருக்குக் கொம்பு முளைத்தது, கொம்பின்மேல் பூமாதேவியும் ஏறி உட்கார்ந்தாள். வளையல் கைக்கு வந்தது. வளர்மதி கம்பெனிக்குப் போன் போட்டு, "இல்லீங்க, வரலீங்க," என்றாள். ஆதிலட்சுமி கிரைண்டரை அணைத்து, அரைத்த மாவிலேயே தோசை ஊற்றப் போனாள்.

போன வாரம் சூளை ஏற்றும்போது சாதிகாவுக்கென்று ஒரு டீ கோப்பையும் உள்ளே போயிற்று. வளர்மதி வரைந்தது, பிடி பெரிதாக, வளையல் வடிவத்தில். சூளை அணைத்தாயிற்று என்று கேள்விப்பட்டதும் இன்று காலையிலேயே வந்துவிட்டாள் சாதிகா. சூளை வாயை அடைத்திருந்த செங்கல்லைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள். "வெந்துருச்சுல்லம்மா? தொறந்து குடுத்துருங்களேன். மாமனாரு வூட்டுல தனியா இருக்காரு, போவணும்."

"ஆறட்டும் பாப்பா," என்றாள் ஆதிலட்சுமி, பொம்மையிலிருந்து கண்ணை எடுக்காமல். "விரியறதா இருந்தா எங்கிட்டயே விரியட்டும். உங்க வூட்டுல போயி விரிய வேணாம்."

சாதிகா இப்போது சூளைக்கு எதிரே, கவிழ்த்துப்போட்ட பெயின்ட் வாளியின்மேல் உட்கார்ந்திருக்கிறாள். வளையல்களைக் கழற்றி மடியில் வைத்திருக்கிறாள்.